உதறாமல் போட்ட கோட்டு

என் வீட்டுக்காரர் அம்மை போட்டுச் செத்தார் என்று எங்கள் சந்தில் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். நான் திருத்தினால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே சொல்கிறார்கள். எனக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் அம்மையில் சாகவில்லை. எட்டுக்கால் பூச்சி கடித்துச் செத்தார். பெரிய பூச்சிகூட இல்லை. எட்டுக் காலையும் விரித்து வைத்தால் ஒரு காலணாக் காசை மூடும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எட்டுக்கால் பூச்சி கடித்து ஆள் சாவானா என்கிறார்கள். செத்தான். நான் பார்த்தேன்.

அவர் பெங்களூர் ரேஸ் கோர்சுக்குப் பக்கத்தில் ஒரு லாயத்தில் சைஸாக இருந்தார். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, கொள்ளு அவித்து வைப்பது, காலையில் நடத்திக்கொண்டு போய் வருவது, இதுதான் சைஸ் வேலை. கண்டோன்மெண்டில் எங்கள் சந்திலிருந்து சைக்கிளில் போவார். அந்த நாளில் பெங்களூர்க் குளிர் இப்போது மாதிரி இல்லை. மார்கழியில் எதிரே வருகிறவன் முகம் தெரியாது. பனியில் சைக்கிள் ஹேண்டில் பிடித்தால் விரல் மரத்துப்போகும். அதற்காக ஒரு மிலிட்டரிக் கோட்டு வாங்கியிருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊரைக் காலி பண்ணிப் போனபோது அவர்கள் கோட்டெல்லாம் பழைய துணி பஜாரில் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதில் ஒன்று. கம்பளி மாதிரி முரடு. உள்ளே லைனிங் துணி வைத்துத் தைத்தது. ஆறடி ஆளுக்குத் தைத்த கோட்டு, இவர் குள்ளம். போட்டால் கணுக்கால் வரை வரும்.

வெயில் காலம் முழுக்க அது தகரப்பெட்டிக்குள் அடியில் கிடக்கும். குளிர் ஆரம்பித்ததும் எடுத்து வெயிலில் போட்டு, கோலால் அடித்து, உதறி, அப்புறம்தான் போடுவார். அந்த வருசம் மழை விட்ட மறுநாளே குளிர் வந்துவிட்டது. காலையில் எழுந்தவர் பெட்டியைத் திறந்து கோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் நாத்தனார் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவளுக்குப் புருசன் இல்லை. வீடு அவள் வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு. நாங்கள்தான் அவளோடு இருந்தோம்.

"வந்துட்டாருடி தொரை. கோட்டு முன்னாடி போவுது, ஆளு பின்னாடி வர்றான்" என்றாள்.

"குதிரைக்கு மட்டும் கம்பளி வேணும், எனக்கு வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

குதிரைக் கம்பளி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். லாயத்தில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. கம்பளியை உதறாமல் குதிரை முதுகில் போடக் கூடாது. தேளோ பூரானோ இருந்து கடித்தால் குதிரை மிரளும், காலை ஒடித்துக்கொள்ளும். உதறாமல் போட்டவனைச் சைஸ்களை மேய்க்கிற ஜமேதார் அடிப்பான். என் வீட்டுக்காரர் அத்தனை வருசத்தில் ஒரு நாள்கூடக் குதிரைக் கம்பளியை உதறாமல் போட்டதில்லை. தன் கோட்டை உதறவில்லை.

வழியில் அக்குளுக்குக் கீழே முள் குத்தின மாதிரி இருந்ததாம். லைனிங்கில் ஏதோ குண்டூசி நிற்கிறது என்று நினைத்து, கையால் அந்த இடத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவருக்கே அது ஞாபகமில்லை. சாயங்காலம் சட்டையைக் கழற்றியபோது அங்கே சிவந்திருந்தது. சொரிந்துகொண்டார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

மறுநாள் அது வேறு மாதிரி இருந்தது. நடுவில் நீலம் பாய்ந்து, சுற்றி வெளுத்து, அதைச் சுற்றிச் சிவந்து, ஒரு கொப்புளமும் வைத்திருந்தது. கையைத் தூக்க முடியவில்லை என்றார். மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. வாந்தி எடுத்தார். முட்டிக்கு முட்டி வலி. சாயங்காலத்துக்குள் மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் மணலை வாரி இறைத்த மாதிரி சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது.

அண்ணி போர்வையை விலக்கிப் பார்த்தாள். அப்படியே இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

"ஆத்தா வந்துட்டா" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக் கதவு மூடிக்கொண்டது.

அம்மை கண்ட வீட்டின் சட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிலையில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. துணி வெளுக்கப் போடக் கூடாது. வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகக் கூடாது. நான் வீட்டில் ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தேன், அந்த மணமும் ஆகாது என்று அண்ணி எல்லாவற்றையும் கட்டி மூலையில் போட்டாள். மருந்து கொடுக்கக் கூடாது, அது அவளை அவமதிப்பது. நோய் என்று வாயால் சொல்லக் கூடாது. கொப்புளத்தை முத்து என்று சொல்ல வேண்டும். ஆள் துடித்தால் ஆத்தா விளையாடுகிறாள் என்று சொல்ல வேண்டும். எனக்கு இருக்கிற வாய்க்கு இது பெரிய தண்டனை.

"அண்ணி, கைக்கு அடியில கறுப்பா ஒண்ணு கீதே, அது இன்னா?" என்று கேட்டேன்.

"அது தாய் முத்துடி. ஆத்தா மொதல்ல கால் வெச்ச எடம்."

"முத்து கறுப்பா இருக்குமா?"

"அவ இஷ்டம். உன்னக் கேட்டுக்கினு வருவாளா? கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, தோளிலிருந்து இடுப்பு வரை கனமாகப் பூசிவிட்டாள். கடிவாய் அந்தப் பூச்சுக்குள்ளே போய்விட்டது. அப்புறம் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் அவளை ராட்சசி என்று நினைத்துக்கொள்வீர்கள். அவளுக்கு ஒரே மகன் இருந்தான். அவனுக்கு நிஜமாகவே பெரியம்மை போட்டது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். யாரோ போய்ச் சொல்ல, முனிசிபாலிட்டி வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே தொத்து நோய்க்காரர்களை வைக்கிற கொட்டகையில் போட்டது. அவளை வண்டியில் ஏற விடவில்லை. பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் ஆள் வந்து, பையன் போய்விட்டான், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். பிணத்தைக் காட்டவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சந்து முனையில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். வண்டி என்ற சொல்லை அவள் சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதனால் தம்பியை விட மாட்டாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன? படுத்திருந்தது என் புருசன்.

அவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. எழுந்து பின்கட்டுக்குப் போக முடியாமல் ஒரு பழைய தகர டப்பாவை வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் அண்ணி குழாயடிக்குப் போயிருந்தாள். தண்ணீர் பிடிக்க மட்டும் போகலாம், யாரோடும் பேசாமல் வர வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. டப்பாவப் பாரு."

பார்த்தேன். காப்பி டிகாக்ஷன் மாதிரி இருந்தது. மூத்திரம் என்று சொன்னால் நம்ப முடியாது.

"இது குதிரை மூத்திரம்டி" என்றார்.

பித்து பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. தெளிவாகத்தான் பேசினார். நன்றாகத் தின்று சும்மா நின்றுகொண்டிருந்த குதிரையைத் திடீரென்று ஓட விட்டால் சிலதுக்கு ஒன்று வரும். பின்னங்கால் மரக்கட்டையாகிவிடும். வேர்த்துக் கொட்டும். மூத்திரம் கறுப்பாகப் போகும். அப்படிப் போனால் அந்தக் குதிரையை ஒரு அடி நகர்த்த மாட்டார்கள். ஆள் ஓடுவான். லாயத்து டாக்டர் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"கறுப்பாப் போச்சின்னா உள்ளாற ஏதோ ஒடையுதுன்னு அர்த்தம். போன ரேசுக்கு முன்னாடி ஒண்ணு போச்சி இல்ல, அந்தச் செவலை, அது இப்பிடித்தான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதுக்கு யாரும் வேப்பிலை கட்டல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. குதிரையாகப் பிறந்திருந்தால் இந்நேரம் நாலு பேர் சுற்றி நின்றிருப்பார்கள்.

அண்ணி குடத்தோடு வந்ததும் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை.

"சூடு எறங்குது. நல்லதுதான். எளநீ குடு."

"இது அம்மை இல்ல அண்ணி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம்."

"அந்தப் பேச்ச எடுத்தே, நாக்க இழுத்து வெச்சு அறுத்துடுவேன். உனக்கு இன்னாடி தெரியும்? நீ பெத்தியா, பறிகுடுத்தியா? ஆஸ்பத்திரின்னா வண்டி. வண்டின்னா அவ்ளோதான்."

பெத்தியா என்று கேட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் குத்திக் காட்ட வேண்டும் என்று கேட்டாளோ, வாய் தவறி வந்ததோ தெரியாது. செருப்பைப் போட்டேன். வாராத தலையோடு, மஞ்சள் கறை படிந்த புடவையோடு, தெருவில் இறங்கினேன். அம்மை வீட்டுப் பெண் வெளியே வருகிறாள் என்று குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். துப்பட்டும்.

மனுச டாக்டரிடம் போனால் அம்மை என்று எழுதி வண்டியை அனுப்பிவிடுவான் என்று எனக்கும் ஒரு பயம் இருந்தது. பொய் சொல்லி என்ன? அந்தப் பயம் எங்கள் சந்தில் எல்லாருக்கும் இருந்தது. கறுப்பு மூத்திரத்துக்கு ஓடி வருகிற ஒரே டாக்டரை அவர் சொன்னாரே, அவரிடமே போவோம் என்று லாயத்துக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன்.

லாயத்து கேட்டில் ஜமேதார் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கோலைக் குறுக்கே நீட்டினான். வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள், வேலைக்கு வர மாட்டான் என்று அண்ணி முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஏ! அங்கயே நில்லு! அம்மை வூட்டுலேர்ந்து வர்றியே, அறிவு கீதா? என் பசங்களுக்கெல்லாம் ஒட்டிக்கினா யார் குதிரையைப் பாக்கறது? ஜல்தி போ, போ!"

"டாக்டரைப் பாக்கணும்."

"இது குதிரை டாக்டரும்மா. உனக்கு என்ன, லாடம் கட்டணுமா?"

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோலைப் பிடுங்கி அவனையே அடித்திருப்பேன். அடிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, என் தொண்டையில் இருந்த மட்டும் கத்தினேன்.

"கறுப்பு மூத்திரம் போவுது! கறுப்பு மூத்திரம் போவுது!"

லாயமே திரும்பிப் பார்த்தது. கடைசிக் கொட்டடியிலிருந்து ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டியபடி வேகமாக வெளியே வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அவர்தான் குதிரை டாக்டர்.

"யாவ குதிரைம்மா? எந்தக் குதிரைக்கு?"

"குதிரைக்கு இல்ல சார். எங்க வூட்டுக்காரருக்கு."

ஜமேதார் ஏதோ சொல்ல வந்தான், டாக்டர் அவனைக் கையால் அடக்கினார்.

"கண்ணு மஞ்சளா இருக்கா?"

"இருக்கு."

"எங்கயாவது புண்ணு? கடி?"

"கைக்கு அடியில கறுப்பா ஒண்ணு இருக்கு. தாய் முத்துன்னு சொல்றாங்க."

"நான் மனுசருக்கு டாக்டர் அல்ல. தெரியும்தானே?"

"தெரியும். மனுச டாக்டருன்னா வண்டி வரும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "கார்ல ஏறு" என்றார். அம்மை வீட்டுக்காரி என்று தெரிந்தும் முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். நான் சாமிக்குக்கூட அவ்வளவாகப் போடுவதில்லை.

கார் சந்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டதுமே எங்கள் வீட்டுக் கதவு படார் என்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தட்டினேன்.

"அண்ணி, நான்தான். தெற."

"வண்டியக் கூட்டியாந்துட்டியேடி பாவி!"

"இது அந்த வண்டி இல்ல. குதிரை டாக்டரோட காரு."

"எந்த வண்டியா இருந்தா இன்னா! வந்தா தூக்கிக்கினு போறதுதான!"

சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "குதிரை டாக்டரக் கூட்டியாந்துட்டா பாருங்கடி. நாளையிலேர்ந்து புருசனுக்குக் கொள்ளு அவிச்சுப் போடுவா" என்றாள். நான் திரும்பி அவளைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசியதே இல்லை. நல்லதுதான்.

டாக்டர் கதவில் வாயை வைத்து, "அம்மா, நான் தூக்கிக்கொண்டு போக வரல. பாக்க வந்தேன். ஸ்வல்ப கதவு திற" என்றார். கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கதவின் அந்தப் பக்கம் அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

அப்போதுதான் உள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. மெதுவாகத்தான்.

"அக்கா. கதவத் தெற."

"மாட்டேன்டா."

"நான் பாத்திருக்கேன் அக்கா. குதிரைக்குப் பாத்திருக்கேன். இது ஆத்தா இல்ல. நான் பொழைக்கணும். தெற."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

"போனா திரும்பி வருவியா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

தாழ்ப்பாள் விலகியது.

டாக்டர் உள்ளே வந்து ஈரத்துணி கேட்டார். பூசியிருந்த மஞ்சளையும் வேப்பிலையையும் மெல்லத் துடைத்து எடுத்தார். அக்குளுக்குக் கீழே, விலாவில், எட்டணாக் காசைவிடப் பெரிதாக ஒரு இடம் கறுத்துக் காய்ந்து, வெந்த தோல் மாதிரி உள்ளே அமுங்கியிருந்தது. அதைச் சுற்றி ஊதா. டாக்டர் அதைத் தொடவில்லை. டப்பாவைப் பார்த்தார். கண் ரெப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "அம்மை அல்ல. ஏதோ கடிச்சிருக்கு. விஷம் ரத்தத்துல போயாச்சு. இப்பவே ஆஸ்பத்திரி" என்றார்.

அவரை நானும் டாக்டரும் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். நான் தலைமாட்டில் ஏறப் போனேன். எனக்கு முன்னால் அண்ணி ஏறி உட்கார்ந்து அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நானும் ஏறுவேன். எவன் தடுக்கறான் பாக்கறேன்" என்றாள்.

யாரும் தடுக்கவில்லை. நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். கறுப்பாகப் போன மூத்திரம் குறைந்துகொண்டே வந்து, அப்புறம் போகவே இல்லை. முகம் வீங்கியது. கால் வீங்கியது. மூச்சு இழுத்தது. நடுவில் தெளிவு வந்தபோதுதான் முள் குத்தினதையும் குண்டூசி என்று நினைத்ததையும் சொன்னார். தன் குதிரையை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். ஜமேதாரே நடத்துகிறான் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன். அவர் நம்பினார். மறுநாள் போய்விட்டார்.

அண்ணி அழவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள், உடலைத் தருவார்களா என்று நர்சிடம் கேட்டாள். தருவோம் என்றார்கள். மறுபடி கேட்டாள். மறுபடி தருவோம் என்றார்கள். என் பக்கம் திரும்பி, "இவனையாவது குடுக்கறாங்களே" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் தோளில் தலையை வைத்து அழுதேன்.

குதிரை டாக்டர் சாவுக்கு வந்திருந்தார். இடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். விஷம் என்றால் பாம்பு கடித்தவன் உடனே சாகிறானே, இது என்ன விஷம், வெளியே ஒரு காசு அகலப் புண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போய் ஆளைத் தின்கிறது?

அவர் சொன்னது இது. எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். சில எட்டுக்கால் பூச்சியின் விஷம் சதையைச் சாகடிக்கும். கடித்தபோது வலி பெரிதாகத் தெரியாது. அந்த இடத்துக்கு ரத்தம் போகிற வழியை அடைத்து, சதை உள்ளுக்குள் வெந்து கறுத்துவிடும். அநேகமாக எல்லாருக்கும் அதோடு நின்றுவிடும், புண் ஆறித் தழும்பாகிவிடும். ஆயிரத்தில் எவனோ ஒருத்தனுக்கு விஷம் ரத்தத்தில் இறங்கி, ரத்தத்தில் இருக்கிற சிவப்பை உடைத்துவிடும். காய்ச்சல் வரும், மேலெல்லாம் பொரியும், கண் மஞ்சளாகும். உடைந்த ரத்தம் மூத்திரத்தில் கறுப்பாக வரும். கொஞ்ச நாளில் அதுவே மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காயை அடைத்துவிடும். குதிரைக்குக் கறுப்பாகப் போவது ரத்தத்தால் அல்ல, சதை உடைந்து வருவதாம். ஆனால் அடைக்கிறது ஒரே இடத்தைத்தான்.

"பூச்சியைப் பாக்காம நிச்சயமா சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கோட்டை வெளியே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அக்குள் பக்கம் கையும் உடம்பும் சேருகிற இடத்தில் லைனிங் பிரிந்திருந்தது. அதற்குள் பஞ்சு மாதிரி வெள்ளையாக வலை. அந்த வலையில் நசுங்கி, காய்ந்து, பழுப்பாக ஒரு பூச்சி. அவர் கையால் அழுத்தினாரே, அதில் செத்தது. தீப்பெட்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கும், இதுவாகத்தான் இருக்கும் என்றார்.

"மொதல் நாளே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாரா சார்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தெரியல்லம்மா. இதுக்கு மருந்து ஆஸ்பத்திரியிலயும் இல்ல. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம்."

அந்தப் பதிலை என்னால் இன்று வரை விழுங்க முடியவில்லை. பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் சாகிற வரைக்கும் நாத்தனாரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் அவளை மன்னித்துத் தொலைத்திருப்பேன். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார்.

தீப்பெட்டியை அவள் முன்னால் திறந்து வைத்தேன். இதுதான் உன் ஆத்தா என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தோன்றியது, சொன்னேன். அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"இத்தினூண்டா?" என்றாள். அப்புறம், "வருவேன்னு சொன்னானேடி" என்றாள்.

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சந்தில் கேட்டவர்களிடம் மட்டும் ஆத்தா கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றே சொன்னாள். அந்தப் பேச்சுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோட்டை எரித்துவிடலாம் என்று பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி வந்து பிடுங்கிக்கொண்டாள். அதைத் தானே போட்டுக்கொண்டாள். அவள் அவரைவிடக் குள்ளம், கோட்டு தரையில் இழுபட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"உதறியாவது போடு அண்ணி" என்றேன்.

"எதுக்கு? கடிக்கட்டும். அவனுக்கு எப்பிடி இருந்துச்சின்னு எனக்கும் தெரியட்டும்."

நான் எங்கும் போகவில்லை. போக எனக்கும் இடமில்லை, அவளுக்கும் ஆளில்லை. ஊதுவத்தி உருட்டினேன், அவள் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தாள். பேசினால் பாதி நாள் சண்டை. குளிர் வந்ததும் அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஆணியில் மாட்டுவாள், எடுப்பாள், ஒரு தடவைகூட உதற மாட்டாள். வேண்டுமென்றே உதற மாட்டாள்.

காலையில் அவள் குழாயடிக்குப் போனதும் நான் கோட்டை எடுத்துப் பின்கட்டில் வைத்துக் கோலால் அடிப்பேன். இரண்டு கையையும் உள் வெளியாகப் புரட்டுவேன். பிரிந்த லைனிங்கை நானே தைத்துவிட்டிருந்தேன், அந்தத் தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். பையில் கையை விட்டுத் துழாவுவேன். அவள் வருவதற்குள் அதே ஆணியில், அவள் மாட்டியிருந்த மாதிரியே மாட்டிவிடுவேன். திட்டிக்கொண்டேதான் செய்வேன். குளிர் இருக்கிற வரை தினமும் செய்தேன், வருசா வருசம் செய்தேன்.

அவள் வயதாகி, படுத்து, சாதாரணமாகத்தான் செத்தாள். அது வரைக்கும் அந்தக் கோட்டுக்குள் எதுவும் அவளைக் கடிக்கவில்லை.